பொட்டலத்துக்குள் என்ன உப்பு?

டெல்லியில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படிக்கும் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில், பொங்கல் பானை இறங்குவதற்குள் ‘சால்ட் அனாலிசிஸ்’ கவலை ஏறிவிடும். சிபிஎஸ்இ செய்முறைத் தேர்வின் 30 மதிப்பெண்ணில் 8 இந்த உப்பாய்வுக்கு. ஒரு சிட்டிகைப் பொடியைத் தருவார்கள். அதில் ஒரு நேர்மின் அயனி, ஒரு எதிர்மின் அயனி. இரண்டும் எவை என்று சோதித்துச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலானோர் அட்டவணையை உருப்போட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த அமிலம் விட்டால் அந்தப் புகை, அந்தப் புகை வந்தால் இந்த அயனி. அட்டவணையில் இல்லாத ஒன்று குழாயில் நடந்துவிட்டால் கை அங்கேயே நின்றுவிடும். அப்படி நடப்பது அபூர்வமும் இல்லை. ஒரு சோதனை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு, தப்பு எங்கே நடந்தது என்பதும் தெரியும்.

பழைய டெல்லியில் காரி பாவ்லியையும் திலக் பஜாரையும் சுற்றியுள்ள கடைகளில் ‘நௌசாதர்’ என்று கேட்டால் வெள்ளைக் கட்டி ஒன்று கிடைக்கும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பயன்படுத்தும் அதே நவச்சாரம். பாடநூலில் அம்மோனியம் குளோரைடு. ‘பிட்கரி’ என்றால் நம் படிகாரம். ‘நீலா தோத்தா’ என்றால் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்ஃபேட். பெயர் எதுவானாலும் தண்ணீரில் போட்டதும் அந்த ஜோடி பிரிந்து தனித்தனி அயனிகளாகிவிடும். மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவை அளவுக்கு மிஞ்சி விட்டால் கருநீலம் வரும். காப்பர் குளோரைடில் விட்டாலும் அதே கருநீலம்தான். மயில்துத்தத்தில் பேரியம் குளோரைடு விட்டால் வெள்ளையாக வீழ்படியும், அதாவது கரையாத பொடியாகப் பிரிந்து இறங்கும். ஜிங்க் சல்ஃபேட்டில் விட்டாலும் அதே வெள்ளைதான். காப்பர் தன் குணத்தைக் காட்டுகிறது, சல்ஃபேட் தன் குணத்தைக் காட்டுகிறது. ஒன்று மற்றதைப் பொருட்படுத்துவதில்லை. உப்பாய்வு முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. அதனால்தான் ‘எதிர்மின் அயனி யார், நேர்மின் அயனி யார்’ என்று இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க முடிகிறது.

முதலில் தண்ணீரைச் சரிபாருங்கள்

பொடியைத் தொடுவதற்கு முன் ஒரு காரியம். குழாய்த் தண்ணீரை 2 மி.லி. எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி, பிறகு சில்வர் நைட்ரேட் இரண்டு துளி விடுங்கள். வெண்மையாகக் கலங்கும். அது தண்ணீரிலேயே இருக்கும் குளோரைடு. டெல்லியில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் கலந்துதான் வருகிறது. அதில் குளோரைடும் கால்சியமும் தாராளம். குழாய்த் தண்ணீரில் கழுவிய சோதனைக் குழாயை அப்படியே எடுத்து உப்பைக் கரைத்தால், உங்கள் உப்பு எதுவானாலும் ‘குளோரைடு’ என்று சொல்லத் தோன்றும். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் உப்பே இல்லாமல், வெறும் நீரில் அதே வினைபொருள்களை விட்டுப் பாருங்கள். இந்த வெறுஞ்சோதனைக்கு அரை நிமிடம் ஆகும். பதிவேட்டில் யாரும் எழுதச் சொல்வதில்லை என்பதால் யாரும் செய்வதும் இல்லை.

அளவு அடுத்த விஷயம். உலர்சோதனைக்கு ஒரு சிட்டிகை, சுமார் 0.1 கிராம் போதும். கரைசல் சோதனைக்கு 1 முதல் 2 மி.லி. வினைபொருளைத் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு துளிக்கும் குழாயை ஆட்டுங்கள். பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றினால் சில வீழ்படிவுகள் வந்த வேகத்தில் அதிகப்படியில் கரைந்தும் போய்விடும். சோடியம் ஹைட்ராக்சைடில் ஜிங்க் ஹைட்ராக்சைடு அப்படித்தான்: நான்கு துளியில் வெள்ளையாக வரும், பத்தாவது துளியில் காணாமல் போகும். ஊற்றியவர் கண்ணுக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

பார், முகர், சூடாக்கு

நிறம் நிறையச் சொல்லும். நீலம் என்றால் காப்பர், பச்சை என்றால் நிக்கல், ரோஜா நிறம் என்றால் கோபால்ட், மிக வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் மாங்கனீஸ், பழுப்பு மஞ்சள் என்றால் இரும்பு. இவை ஊகங்கள்தான், முடிவு அல்ல. வெள்ளை உப்பு வந்தால் புலம்ப வேண்டாம். மேலே சொன்ன அத்தனை பேரும் ஒரே பார்வையில் கழிந்துவிட்டார்கள் என்று பொருள். மாங்கனீஸை மட்டும் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதன் வெளிறிய நிறம் வெள்ளையென ஏமாற்றும்.

முகர்வதென்றால் மூக்கைக் குழாய்க்குள் விடுவது இல்லை. கையால் விசிறி ஆவியைக் கொஞ்சம் வரவழைப்பது. அம்மோனியா, வினிகர், அழுகிய முட்டை மூன்றும் யாருக்கும் பழகிய வாசனைகளே.

உலர்ந்த குழாயில் உப்பைச் சூடாக்கினால் சில உப்புகள் தாங்களே பேசும். படபடவென்று வெடித்து, செம்பழுப்புப் புகை கிளம்பினால் லெட் நைட்ரேட்டாக இருக்கலாம். குழாயின் மேல்பகுதியில் வெள்ளையாகப் படிந்தால் அம்மோனியம் உப்பு. சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை என்று எச்சம் நிறம் மாறினால் ஜிங்க். குழாய் ஈரமாக இருந்தால் இந்தச் சோதனை வீண், குழாயும் விரிசல் விடும்.

சுவாலைச் சோதனையில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எதற்கு? குளோரைடுகள் மற்ற உப்புகளைவிட எளிதில் ஆவியாகும். ஆவியான அணுக்கள்தான் சுவாலைக்கு நிறம் தருகின்றன. உப்பை அமிலத்தில் குழைத்துப் பிளாட்டினக் கம்பியில் எடுத்து, சுவாலையின் ஒளிராத பகுதியில் காட்டுங்கள். கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்ஷியம் இரத்தச் சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை, காப்பர் நீலப்பச்சை. பேரியம் நிறம் காட்ட நேரமெடுக்கும், அவசரப்படக் கூடாது. எதைக் காட்டினாலும் பொன்மஞ்சள் வருகிறதென்றால் கம்பியை விரலால் தொட்டிருப்பீர்கள். வியர்வையின் சோடியம் அது. கம்பியை மறுபடி அமிலத்தில் தோய்த்துச் சுட்டு, நிறமே வராத நிலைக்குக் கொண்டுவந்த பிறகு தொடங்குங்கள். இந்த நிறங்களைப் பட்டகம் வழியே பிரித்துப் பார்த்துத்தான் புன்சனும் கிர்க்காஃப்பும் 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ரூபிடியத்தையும் கண்டுபிடித்தார்கள்.

எதிர்மின் அயனி: யார் யாரை விரட்டுவது

எதிர்மின் அயனிகளைப் பிரிப்பது அமிலங்களின் பலம். நீர்த்த கந்தக அமிலத்தை விட்டதும் பலமான அமிலம் பலவீனமான அமிலத்தை அதன் இடத்திலிருந்து விரட்டும். விரட்டப்பட்டது வாயுவாக வெளியேறும். கார்பனேட் நுரைத்துப் பொங்கி மணமில்லாத வாயு தரும். சல்ஃபைட் எரியும் கந்தக நெடி தரும். சல்ஃபைடு அழுகிய முட்டை. நைட்ரைட் பழுப்புப் புகை. அசிட்டேட் வினிகர் மணம். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பலமானவை என்பதால் நைட்ரேட்டும் குளோரைடும் இதற்கு அசைந்துகொடுக்காது. அவற்றுக்கு அடர் கந்தக அமிலமும் சூடும் வேண்டும்.

கார்பனேட்டை வீட்டிலேயே பார்த்துவிடலாம். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளிய விட்டு, மேலாக வரும் தெளிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் சோடாவில் வினிகர் விட்டு வரும் வாயுவைக் குழல் வழியே அதற்குள் செலுத்தினால் பால்போல் ஆகும். நிறுத்தாமல் செலுத்திக்கொண்டே இருந்தால் மறுபடி தெளியும். கால்சியம் கார்பனேட் மேலும் கார்பன் டை ஆக்சைடை ஏற்று, கரையும் பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. ஆய்வகத்தில் ‘பால்போல் ஆகவில்லை’ என்று எழுதுபவர்களில் சிலர் உண்மையில் பார்க்கத் தாமதித்தவர்கள்.

அடர் கந்தக அமிலத்தோடு சூடாக்கும்போது குளோரைடு காரநெடியுள்ள நிறமற்ற வாயு தரும். அம்மோனியாவில் நனைத்த கண்ணாடித் தண்டைக் காட்டினால் அடர்த்தியான வெண்புகை. புரோமைடு செம்பழுப்பு, அயோடைடு ஊதா. நைட்ரேட்டும் பழுப்புப் புகைதான், காப்பர் சீவலைப் போட்டால் இன்னும் அடர்த்தியாகும். புரோமைடா நைட்ரேட்டா என்ற குழப்பம் காப்பர் சீவலில் பெரும்பாலும் தீர்ந்துவிடும்: நைட்ரேட்டாக இருந்தால் கரைசல் நீலமாகும். சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும் எந்த அமிலத்துக்கும் வாயு தராது. சல்ஃபேட்டுக்குப் பேரியம் குளோரைடு: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையாத வெள்ளை. பாஸ்பேட்டுக்கு நைட்ரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும்: கேனரி மஞ்சள்.

வாயுவை வைத்து ஊகித்ததைக் கரைசலில் உறுதிசெய்ய வேண்டும். சோடியம் கார்பனேட் சாறு இதற்குத்தான். 1 கிராம் உப்பு, 3 கிராம் சோடியம் கார்பனேட், 15 மி.லி. காய்ச்சி வடித்த நீர். சுமார் 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு வடிகட்டுங்கள். நேர்மின் அயனி கார்பனேட்டாக வடிதாளில் தங்கிவிடும். எதிர்மின் அயனி சோடியத்தோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். ஆனால் சாற்றில் மிச்சக் கார்பனேட்டும் இருக்கிறது. அது சில்வரோடும் பேரியத்தோடும் தானே வெள்ளையாக வீழ்படியும். அதனால் நுரைப்பது நிற்கும் வரை அமிலம் விட வேண்டும். எந்த அமிலம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சில்வர் நைட்ரேட் விடப்போகிறீர்கள் என்றால் நைட்ரிக் அமிலம். அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நீங்களே குளோரைடைக் கொட்டிவிட்டீர்கள்; உலகத்தில் உள்ள எல்லா உப்பும் குளோரைடாகத்தான் தெரியும்.

பழுப்பு வளையம்

நைட்ரேட்டுக்கான இந்தச் சோதனை அழகானது, கெடுவதும் எளிது. 2 மி.லி. கரைசலில் அதே அளவு, அப்போதே கரைத்த ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலைக் கலக்குங்கள். குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தை உள்சுவரோடு மெதுவாக வழியவிடுங்கள். அமிலத்தின் அடர்த்தி மி.லி.க்கு 1.84 கிராம், தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு கனம். கலக்காமல் நேராக அடியில் போய் உட்காரும். இரண்டும் தொடும் இடத்தில் நைட்ரேட்டின் ஒரு பகுதி ஃபெரஸ் இரும்பால் ஒடுக்கப்பட்டு நைட்ரிக் ஆக்சைடாகும். அது மீதி ஃபெரஸ் அயனியோடு சேர்ந்து பழுப்பு அணைவாகி (இரண்டும் பிணைந்த சேர்மம்), தாள் கனத்துக்கு ஒரு வளையமாக நிற்கும்.

குழாயை ஆட்டினால் வளையம் போச்சு. அமிலத்தை வேகமாக ஊற்றினால் தண்ணீரோடு கலந்து கொதித்து, அந்தச் சூட்டிலேயே அணைவு சிதையும். நேற்றுக் கரைத்து வைத்த ஃபெரஸ் சல்ஃபேட் மஞ்சளாகியிருக்கும். காற்று அதை ஃபெரிக் (இரும்பின் ஆக்சிஜனேற்றமான வடிவம்) ஆக்கிவிட்டது, அதனால் வளையம் வராது. புரோமைடும் அயோடைடும் அடர் அமிலத்தில் நிறமுள்ள புரோமினையும் அயோடினையும் விடுவித்துப் பொய் வளையம் காட்டும். நைட்ரைட்டுக்கு அடர் அமிலமே வேண்டாம், நீர்த்த அமிலத்திலேயே பழுப்பாகிவிடும். அதனால் நீர்த்த அமிலச் சோதனையில் நைட்ரைட் இல்லை என்று தெரிந்த பிறகே இங்கே வர வேண்டும்.

நேர்மின் அயனி: வரிசையின் ரகசியம்

ஃபிரெசெனியஸ் என்ற ஜெர்மானிய வேதியியலர் 1841-இல் வெளியிட்ட பாடநூல் வழியே பரவிய தொகுதி முறைதான் இன்றும் பள்ளியில் நடக்கிறது: நேர்மின் அயனிகளைத் தொகுதி தொகுதியாக, ஒவ்வொன்றுக்கும் உரிய வினைபொருளால் வரிசையாகப் பிரிப்பது. முதலில் உப்பைக் கரைக்க வேண்டும்: குளிர்ந்த நீர், வெந்நீர், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அடர் அமிலம் என்ற வரிசையில் எதில் கரைகிறதோ அதுவே மூலக்கரைசல்.

பூஜ்யத் தொகுதியான அம்மோனியத்தை எல்லாவற்றுக்கும் முன்பே பார்க்கச் சொல்வது ஏன்? பின்னால் வரும் படிகளில் அம்மோனியம் குளோரைடையும் அம்மோனியாவையும் நாமே ஊற்றப்போகிறோம். அப்புறம் தேடினால் நாம் போட்டதுதான் கிடைக்கும். மூல உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சூடாக்கி, அம்மோனியா நெடி வருகிறதா என்று பாருங்கள்.

முதல் தொகுதிக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். பள்ளிப் பட்டியலில் இங்கே லெட் மட்டும், அதாவது காரீயம். லெட் குளோரைடு 100 மி.லி. நீரில் 20 டிகிரியில் சுமார் 1 கிராம் கரையும், கொதிநீரில் 3 கிராமுக்கு மேல். டெல்லி ஜனவரிக் குளிரில் சட்டென்று வெள்ளையாக இறங்கும் அதே கரைசல், ஜூலை மாதப் பயிற்சி வகுப்பில் தெளிவாகவே நிற்கக்கூடும். அப்படித் தப்பிய லெட் இரண்டாம் தொகுதியில் கறுப்பு சல்ஃபைடாகப் பிடிபடும். ஒரே ஆள் இரண்டு தொகுதியிலும் பெயர் கொடுத்திருப்பதற்குக் காரணம் இதுதான். குழாயைக் குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு முடிவெடுங்கள்.

குளிர் இன்னொரு வேலையும் செய்யும். உறைநிலை அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியில் கட்டியாகும். ஜனவரிக் காலையில் அலமாரியில் பாட்டிலோடு உறைந்து நிற்கும். அமிலம் கெட்டுவிடவில்லை, வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் உருகிவிடும். நேரடியாக அடுப்பில் காட்டக் கூடாது, அதன் ஆவி தீப்பற்றும்.

இரண்டாம் தொகுதிக்கும் நான்காம் தொகுதிக்கும் வினைபொருள் ஒன்றே: ஹைட்ரஜன் சல்ஃபைடு. கிப் என்ற டச்சு மருந்தாளுநர் 1844 வாக்கில் வடிவமைத்த கருவியில், இரும்பு சல்ஃபைடின் மேல் நீர்த்த அமிலம் ஏறி இறங்கி வாயு வரும். அதே வாயு எப்படிக் காப்பரையும் ஜிங்க்கையும் இரண்டு வேளையாகப் பிரிக்கிறது? இதைப் புரிந்துகொண்டால் தொகுதி முறையில் பெரும்பகுதி புரிந்தமாதிரி.

கரைசலில் உலோக அயனியின் செறிவும் சல்ஃபைடு அயனியின் செறிவும் பெருக்கினால் வரும் எண், அந்த உப்பின் கரைதிறன் பெருக்கத்தைத் தாண்டினால்தான் வீழ்படிவு வரும். காப்பர் சல்ஃபைடுக்கு அந்த எல்லை 10⁻³⁶ வாக்கில். ஜிங்க் சல்ஃபைடுக்கு 10⁻²⁴ வாக்கில். மாங்கனீஸ் சல்ஃபைடுக்கு 10⁻¹³ வாக்கில். காப்பருக்கு மிக மிகக் கொஞ்சம் சல்ஃபைடு போதும். மாங்கனீஸுக்கு நிறைய வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு பலவீன அமிலம். அது எவ்வளவு சல்ஃபைடு அயனியைத் தரும் என்பது கரைசலின் அமிலத்தன்மையைப் பொறுத்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் நெரிசலில் அது பிரியவே தயங்கும். தெருக்குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும்போது வரிசையில் முதலில் நிற்பவர் குடம் மட்டும் நிறைவதுபோல், காப்பர், லெட், ஆர்செனிக் மட்டும் வீழ்படியும். பிறகு அம்மோனியா ஊற்றிக் காரமாக்கினால் ஹைட்ரஜன் அயனிகள் காலி. சல்ஃபைடு தாராளமாக வரும். ஜிங்க், மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட் நான்கும் அப்போது இறங்கும்.

இங்கே தப்பு இரு பக்கமும் நடக்கும். அமிலம் குறைந்தால் நிக்கலும் கோபால்ட்டும் இரண்டாம் தொகுதியிலேயே கறுப்பாக வந்து, காப்பரோ லெட்டோ என்று ஏமாற்றும். அமிலம் கூடிப்போனால் லெட் இறங்காது. கரைசலை நீர்விட்டு நீர்க்கச் செய்து மறுபடி வாயுவைச் செலுத்த வேண்டும். இரண்டும் இல்லாமல் வெளிறிய மஞ்சள் வெண்மையாக, வடிதாளில் நிற்காமல் கீழே இறங்கும் கலங்கல் வந்தால், அது எந்த உலோகமும் அல்ல, கந்தகம். உப்பைக் கரைக்க நைட்ரிக் அமிலம் விட்டிருந்தாலோ, ஃபெரிக் இரும்பு இருந்தாலோ வாயு ஆக்சிஜனேற்றமாகிக் கந்தகமாக உதிரும். ஆர்செனிக் சல்ஃபைடு பளிச்சென்ற மஞ்சள். இரண்டையும் ஒருமுறை அருகருகே பார்த்தவருக்குக் குழப்பம் வராது.

இந்த வாயுவின் நெடி ஆரம்பத்தில் தாங்க முடியாமல் இருக்கும்; செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நெடியே தெரியாது. நெடி நின்றுவிட்டது என்று நிம்மதி அடைவது ஆபத்து. புகைபோக்கிக்குள் வைத்தே செய்யுங்கள். அது இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், குளிரடித்தாலும் பரவாயில்லை.

நடுவிலுள்ள மூன்றாம் தொகுதிக்கு அம்மோனியம் குளோரைடும் அம்மோனியம் ஹைட்ராக்சைடும். தத்துவம் அதேதான், சல்ஃபைடுக்குப் பதில் ஹைட்ராக்சைடு. ஃபெரிக் ஹைட்ராக்சைடின் எல்லை 10⁻³⁸, அலுமினியத்துக்கு 10⁻³³ வாக்கில், மக்னீசியத்துக்கு 10⁻¹¹. அம்மோனியம் குளோரைடு ஹைட்ராக்சைடைக் கட்டுப்படுத்த, செம்பழுப்பு இரும்பும் ஜெல்லிபோன்ற வெள்ளை அலுமினியமும் மட்டும் இறங்கும். அதைப் போட மறந்தால் மக்னீசியம் வெள்ளையாக வந்து அலுமினியம் வேஷம் போடும். மாங்கனீஸ் வந்து காற்றில் பழுப்பாகி இரும்பு வேஷம் போடும். இந்தத் தொகுதிக்கு வருமுன் கரைசலைக் கொதிக்கவைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடை முழுக்க விரட்ட வேண்டும். ஆவியில் காட்டும் லெட் அசிட்டேட் தாள் கறுப்பது நிற்கும் வரை கொதிக்கட்டும். பிறகே சில துளி அடர் நைட்ரிக் அமிலம் விட்டு, வாயு ஒடுக்கிவைத்த ஃபெரஸை மறுபடி ஃபெரிக் ஆக்க வேண்டும். அலுமினியத்தை உறுதிசெய்ய நீல லிட்மஸ் சேர்த்த ‘லேக்’ சோதனை: நிறமற்ற கரைசலில் நீலத் திரள் மிதக்கும்.

நான்காம் தொகுதியில் ஜிங்க் அழுக்கு வெள்ளை, மாங்கனீஸ் தோல் நிறம், நிக்கலும் கோபால்ட்டும் கறுப்பு. நிக்கலுக்கு டைமெத்தில் கிளையாக்சைம்: அம்மோனியா கலந்த கரைசலில் இரண்டு துளி விட்டதும் ரோஜாச் சிவப்பு. சுகாயெவ் என்ற ரஷ்ய வேதியியலர் 1905-இல் கண்ட வினை.

ஐந்தாம் தொகுதிக்கு அம்மோனியம் கார்பனேட். வெள்ளை வீழ்படிவை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, பேரியத்தைப் பொட்டாசியம் குரோமேட்டாலும், அது இல்லையென்றால் ஸ்ட்ரான்ஷியத்தை அம்மோனியம் சல்ஃபேட்டாலும், அதுவும் இல்லையென்றால் கால்சியத்தை அம்மோனியம் ஆக்சலேட்டாலும் பாருங்கள். வரிசையை மாற்றக் கூடாது. ஆக்சலேட்டை முதலில் விட்டால் மூவருமே வெள்ளையாகத்தான் வருவார்கள்.

கடைசியில் மக்னீசியம். அம்மோனியம் குளோரைடு, அம்மோனியா, டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் விட்டும் ஒன்றும் வராவிட்டால், கண்ணாடித் தண்டால் குழாயின் உள்சுவரை உரசுங்கள். உரசிய கோட்டிலேயே வெள்ளைப் படிகம் ஒட்டிக்கொண்டு வரும். படிகம் தொடங்க ஒரு சொரசொரப்பு வேண்டும், அவ்வளவுதான். சிலருக்குச் சிறுநீரகத்தில் கல்லாகும் ஸ்ட்ரூவைட்டும் இதே மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்தான்.

ஒரு உப்பை முழுதாகப் பார்ப்போம்

நிறமற்ற படிகம். சூடாக்கினால் படபடவென்று தெறிக்கிறது, செம்பழுப்புப் புகை, எச்சம் ஆறியதும் மஞ்சள். நீர்த்த கந்தக அமிலத்துக்கு வாயு இல்லை, ஆனால் குழாய் வெண்மையாகக் கலங்குகிறது. இந்தக் கலங்கலை அட்டவணை சொல்லாது. நல்ல கண் இதை எழுதி வைத்துக்கொள்ளும். அடர் அமிலமும் காப்பர் சீவலும் சேர்ந்தால் அடர்த்தியான பழுப்புப் புகை. நைட்ரேட் என்று ஊகித்து, உப்பின் நீர்க்கரைசலில் நேராகப் பழுப்பு வளையச் சோதனை செய்தால், ஃபெரஸ் சல்ஃபேட்டை ஊற்றியதுமே வெள்ளையாகக் குழம்பிவிடும். பலர் இங்கே ‘நைட்ரேட் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். நடந்தது வேறு: உப்பில் இருப்பது லெட், ஃபெரஸ் சல்ஃபேட்டில் இருப்பது சல்ஃபேட், இரண்டும் சேர்ந்து லெட் சல்ஃபேட். முன்பு நீர்த்த கந்தக அமிலத்தில் வந்த கலங்கலும் அதுவே. பேரியம் நைட்ரேட்டும் இதே தொல்லையைத் தரும்.

சோடியம் கார்பனேட் சாற்றுக்குப் போங்கள். லெட் கார்பனேட்டாக வடிதாளில் நின்றுவிடும். சாற்றில் நுரை நிற்கும் வரை நீர்த்த கந்தக அமிலம் விட்டு, புதிய ஃபெரஸ் சல்ஃபேட், பிறகு சுவரோடு அடர் அமிலம். வளையம் தெளிவாக நிற்கும்.

நேர்மின் அயனிக்கு: சோடியம் ஹைட்ராக்சைடில் நெடி இல்லை, ஆகவே அம்மோனியம் இல்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வெள்ளை வீழ்படிவு. அதை வடித்தெடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்தால் கரைகிறது. வெந்நீர்க் கரைசலைச் சூடாகவே இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் பொட்டாசியம் குரோமேட்: மஞ்சள், சோடியம் ஹைட்ராக்சைடில் கரையும், அசிட்டிக் அமிலத்தில் கரையாது. மற்றதில் பொட்டாசியம் அயோடைடு சில துளி: மஞ்சள். அந்த மஞ்சளை நீர் சேர்த்துக் கொதிக்கவைத்தால் நிறமில்லாமல் கரையும். ஆட்டாமல் ஆறவிட்டால் பொன் தகடுகளாக மின்னிக்கொண்டு இறங்கும். அயோடைடை அதிகமாக விட்டால் அணைவாகிக் கரைந்து இந்தக் காட்சி கிடைக்காது. லெட் நைட்ரேட் என்று எழுதிவிடலாம்.

மேசையைத் துடைக்குமுன் கழிவு. லெட், பேரியம், ஆர்செனிக், நிக்கல் இருந்த குழாய்களைத் தொட்டியில் கவிழ்க்காமல், அதற்கென்று வைத்த ஜாடியில் ஊற்றுங்கள். சல்ஃபைடு கழிவும் அமிலக் கழிவும் ஒரே ஜாடியில் சேரக் கூடாது. சேர்ந்தால் ஜாடியே கிப் கருவியாகிவிடும். குளோரைடு சோதனையில் சில்வர் குளோரைடை அம்மோனியாவில் கரைத்த குழாயை மறுநாள் வரை விட்டுவைக்காதீர்கள். நாள்பட்டால் வெடிக்கக்கூடிய சில்வர் சேர்மம் உருவாகும். அன்றே நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்குங்கள். கரைந்துபோன தயிர்க்கட்டிபோன்ற வெள்ளை மறுபடி குழாயில் திரும்பி வரும். அதையும் பதிவேட்டில் எழுதலாம். குளோரைடுக்கு அது இன்னொரு உறுதி.